எல்.ஏ. கான்ஃபிடென்ஷியல்: எக்ஸ்லி ஜெயித்தானா, விலைபோனானா?

ராத்திரிரயில்:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முடிவு வரை எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் ஓடிப்போகாது.

இந்தப் படத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் "மூன்று போலீஸ்காரர்கள், ஒரு ஊழல் கேப்டன், கடைசியில் நேர்மை ஜெயிக்கிறது" என்றுதான் சொல்கிறார்கள். மறுபடி பார்த்தபோது எனக்கு அப்படிப் படவில்லை. ஆரம்பத்தில் எட் எக்ஸ்லி (கை பியர்ஸ்) சக போலீஸ்காரர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறான். லாக்கப்பில் கைதிகளைப் போட்டு அடித்ததை மொத்த ஸ்டேஷனும் மூடி மறைக்கும்போது இவன் ஒருவன் மட்டும் வாயைத் திறக்கிறான். கடைசியில் அதே எக்ஸ்லி, கேப்டன் டட்லி ஸ்மித் எப்பேர்ப்பட்ட ஆள் என்று முழுவதும் தெரிந்து, அவரைத் தானே சுட்டுக் கொன்றபிறகு, "டட்லி வீரமரணம் அடைந்தார்" என்ற பொய்க்குத் துணைபோய்ப் பதக்கம் வாங்கிக்கொள்கிறான்.

அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரிகள் நின்றுகொண்டு இந்தச் சாவைப் பத்திரிகைகளுக்கு எப்படிச் சொல்வது என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தப் பக்கம் விசாரணை நாற்காலியில் இருக்கும் எக்ஸ்லிக்கு அவர்கள் பேச்சு காதில் விழாமலே புரிந்துவிடுகிறது. லேசாகச் சிரிக்கிறான். ஒரு ஹீரோ போதாது, இன்னொருவரும் வேண்டியிருக்கும் என்கிறான். இது வெற்றி என்றால் தோல்வி எப்படி இருக்கும்?

என் கட்சி இதுதான்: படம் எக்ஸ்லியைப் பாராட்டவே இல்லை. நாம்தான் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாப்கார்ன்பாண்டி:

1997-ல் வந்த படத்துக்கு எச்சரிக்கைப் பலகை வேறு. சரி சரி, நடத்துங்கள். நான் ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன்.

வெள்ளைத்திரை:

ரயில், பாதிக் கதையை விட்டுவிட்டீர்கள். எக்ஸ்லி ஆரம்பத்தில் மட்டும் சும்மாவா சாட்சி சொன்னான்? பதிலுக்கு டிடெக்டிவ் லெப்டினன்ட் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இன்னொரு போலீஸ்காரன் ஜாக் வின்சென்ஸை (கெவின் ஸ்பேசி) எப்படி மடக்கலாம் என்று மேலிடத்துக்கு யோசனை கொடுத்தவனும் இவனேதான். ஜாக்கின் உயிர் அவன் ஆலோசகராக இருக்கும் தொலைக்காட்சிப் போலீஸ் தொடரில் இருக்கிறது, அதில் கை வைத்தால் தானாகச் சாட்சி சொல்ல வந்துவிடுவான் என்று எவ்வளவு அமைதியாகச் சொல்கிறான் பாருங்கள். முதல் தடவை உண்மையும் பதவியும் ஒரே வண்டியில் வந்தன, அதனால் நமக்கு அவன் யோக்கியனாகத் தெரிந்தான். புதிதாக எதற்கும் அவன் விலைபோகவில்லை.

அதைவிட முக்கியம் டட்லி கேட்கும் கேள்விகள். குற்றவாளி என்று உனக்கே நிச்சயமாகத் தெரிந்தவன் மேல் சாட்சியம் ஜோடிப்பாயா? அடித்து வாக்குமூலம் வாங்குவாயா? வக்கீல் வைத்துத் தப்பித்துவிடுவான் என்று தெரிந்தால் முதுகில் சுடுவாயா? எல்லாவற்றுக்கும் எக்ஸ்லி மாட்டேன் என்கிறான். அப்படியானால் துப்பறியும் பிரிவுக்கு வந்து தொலைக்காதே என்கிறார் டட்லி. போகிற போக்கில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றச் சொல்கிறார்.

விக்டரி மோட்டலில் என்ன நடக்கிறது? துப்பாக்கிச் சண்டை முடிந்துவிட்டது, தூரத்தில் சைரன் கேட்கிறது. பேட்ஜை உயர்த்திப் பிடி, நீ போலீஸ் என்று வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று டட்லி சொல்லிவிட்டு முன்னால் நடக்கிறார். எக்ஸ்லி முதுகில் சுடுகிறான். பிறகு பேட்ஜை உயர்த்திப் பிடிக்கிறான். இரண்டு பாடமும் அவரிடமே படித்தது.

சுடாமல் விட்டிருந்தால்? டட்லியைக் கைதுசெய்து, மாவட்ட அரசு வழக்கறிஞர் எல்லிஸ் லோவிடம் ஒப்படைத்து, அவர் வழக்கு நடத்தி... அந்த லோவின் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கவே அவரை ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கவிட வேண்டியிருந்தது. நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அந்த ஊரில் நடக்கிற கதையா?

யாழினி மு.:

இரண்டு பேரும் எக்ஸ்லியின் மனசாட்சியையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். அவன் வாங்கியது இரண்டு பதக்கம். முதல் பதக்கம் எதற்கு என்று ஞாபகம் இருக்கிறதா?

நைட் அவுல் காபிக் கடைக் கொலைகளுக்காக மூன்று கறுப்பின இளைஞர்களைப் பிடித்து வருகிறார்கள். ஆளுக்கொரு அறை. எக்ஸ்லி ஒலிபெருக்கியின் விசையைத் திருகி, ஒருவன் பேசுவதில் தனக்குத் தோதான துண்டை மட்டும் பக்கத்து அறையில் இருப்பவன் காதில் விழவைக்கிறான். ஒரு அடி அடிக்காமல் ஆட்களை உடைக்கிறானே, என்ன மூளை என்று நாம் ரசிக்கிறோம். ஆனால் அவர்கள் உளறுவது வேறு குற்றம். இனெஸ் சோட்டோ என்ற மெக்சிகப் பெண்ணைக் கடத்தி அடைத்துவைத்துச் செய்த கொடுமை அது. காபிக் கடைக் கொலைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் தப்பி ஓடியதும் எக்ஸ்லி ஷாட்கன்னோடு தேடிப் போகிறான். கடைசி ஆள் லிஃப்டுக்குள் பாய்கிறான், கதவு மூடுகிற நேரத்தில் எக்ஸ்லி சுடுகிறான். அலுவலகத்துக்குத் திரும்பினால் கைதட்டல், "ஷாட்கன் எட்" என்று பட்டப்பெயர், அப்புறம் பதக்கம்.

அவர்களை நல்லவர்கள் ஆக்க வரவில்லை. இனெஸுக்குச் செய்தது மன்னிக்கவே முடியாதது. அவர்கள் தன்னை விட்டுக் கிளம்பிய நேரத்தை அவள் மாற்றிச் சொன்னதற்கும் அதுதான் காரணம். தனக்கு நேர்ந்ததற்காக மட்டும் எந்தப் போலீஸும் இவ்வளவு வேகமாகக் கிளம்பாது, வெள்ளையர்கள் செத்த வழக்கு என்றால் கிளம்பும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காவல்துறையைப் படத்தில் மிகச் சரியாகப் புரிந்துவைத்திருக்கும் ஆள் அவள். அவளுக்குக் கிடைப்பதோ மொத்தமே சில நிமிடங்கள்.

இப்போது முடிவுக்கு வாருங்கள். டட்லி மாவீரர் என்று தலைப்புச் செய்தி வந்தபின் நைட் அவுல் கோப்பை யார் தூசு தட்டப்போகிறார்கள்? தட்டினால் டட்லியின் பெயர் விழுமே. ஆக ஊரைப் பொறுத்தவரை கொலைகாரர்கள் என்றைக்கும் அந்த மூன்று பேர்தான். முதல் பதக்கத்தை எக்ஸ்லி திருப்பிக் கொடுத்ததாகவும் படத்தில் இல்லை.

ராத்திரிரயில்:

யாழினி, இது என் வாதத்தைவிடப் பலமான வாதம். இனிமேல் இதையே நானும் சொல்லிக்கொள்வேன், காப்புரிமை கேட்காதீர்கள்.

பழையபெட்டி:

கொஞ்சம் வரலாறு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே.

லாக்கப் அடிதடி கற்பனை இல்லை. 1951 கிறிஸ்துமஸ் அன்று லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையினர் ஏழு பேரை அடித்து நொறுக்கினார்கள். அவர்களில் ஐந்து பேர் மெக்சிக அமெரிக்கர்கள், இரண்டு பேர் வெள்ளையர்கள். "ரத்தக் கிறிஸ்துமஸ்" என்றே அதற்குப் பெயர். கடைசியில் எட்டுப் போலீஸ்காரர்கள் மேல் குற்றச்சாட்டு பதிவாகி ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது. 54 பேருக்கு இடமாற்றம், 39 பேருக்குத் தற்காலிகப் பணிநீக்கம்.

எக்ஸ்லி மாதிரி ஒரு தனி ஆள் எழுந்து நின்று அந்த வழக்கை உடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடி வாங்கிய சமூகமே விடாமல் குரல் கொடுத்தது. நகரமன்றத்தில் எட்வர்ட் ராய்பால் போலீஸ் அராஜகத்தைப் பற்றித் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. சினிமாவுக்கு ஒரு முகம் தேவை, அதனால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையனிடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். யாழினி சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்போது காவல்துறைத் தலைவர் வில்லியம் பார்க்கர். 1950-ல் பதவிக்கு வந்தவர், 1966-ல் இறக்கும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். மாமூல் வாங்குவதற்குப் பெயர்போன துறையைச் சுத்தப்படுத்தினார் என்று அவருக்கு நல்ல பெயர். மாமூல் குறைந்தது உண்மைதான், ஆனால் கறுப்பின, மெக்சிகக் குடியிருப்புகளில் லத்தி குறையவில்லை. 1965-ல் வாட்ஸ் கலவரம் வெடித்ததும் அவர் காலத்தில்தான். அந்த நல்ல பெயரைப் பரப்பியதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஜாக் வெப் நடித்த "டிராக்நெட்" என்ற போலீஸ் தொடர் 1949-ல் வானொலியில் தொடங்கிப் பிறகு தொலைக்காட்சிக்கு வந்தது. நிஜ வழக்குகளைக் காவல்துறையே எடுத்துக் கொடுக்கும், கதைவசனத்தையும் அதுவே பார்த்துச் சரிசொல்லும். படத்தில் ஜாக் வின்சென்ஸ் ஆலோசகராக இருக்கும் "பேட்ஜ் ஆஃப் ஹானர்" இதன் நிழல். நிழலுலகத் தலைவன் மிக்கி கோஹன் 1951-ல் வரி ஏய்ப்பு வழக்கில் உள்ளே போனதும் நிஜம். அவன் விட்டுப்போன இடத்தை யார் பிடிப்பது என்பதுதானே மொத்தக் கதையும்? ஒரு கேப்டன் பிடிக்கிறார்.

பாப்கார்ன்பாண்டி:

ஒரு அப்பாவிச் சந்தேகம். நுவார் என்கிற அந்தக் காலத்து இருண்ட குற்றப்படங்கள் என்றால் மழை, இருட்டு, தொப்பி, பாதி முகத்தில் நிழல் என்றுதானே சொல்வார்கள்? இந்தப் படத்தில் வெயில் கண்ணைக் கூசுகிறதே.

ஒளிப்பொட்டு:

பாண்டி, அது வேண்டுமென்றே செய்தது. ஒளிப்பதிவாளர் டான்டே ஸ்பினோட்டியும் இயக்குநர் கர்டிஸ் ஹான்சனும் பழைய நுவார் படங்களைப் போலச் செய்யக் கூடாது என்று தீர்மானமாக இருந்தார்கள். பழைய கார், பழைய உடை எல்லாம் ஃபிரேமில் இருக்கும், ஆனால் கேமரா அவற்றை வாய்பிளந்து பார்க்காது. அன்றைக்கு எடுக்கப்பட்ட படம் போல அவற்றைக் கண்டுகொள்ளாமல் ஆட்களின் முகத்தையே பார்க்கும்.

தொடக்கமே ஒரு விளம்பரம்தான். கிசுகிசுப் பத்திரிகைக்காரன் சிட் ஹட்ஜன்ஸ் (டேனி டிவிட்டோ) குரலில் கடற்கரை, ஆரஞ்சுத் தோப்பு, சொந்த வீடு. அந்த வெயிலுக்குக் கீழே என்ன கிடக்கிறது என்பதற்கு ஒரு காட்சி போதும். மூன்றாவது போலீஸ்காரன் பட் வைட் (ரசல் க்ரோ) ஒரு வீட்டுக்கு விசாரிக்கப் போகிறான். எலி ஏதோ செத்துக்கிடக்கிறது, அதுதான் நாற்றம் என்கிறாள் வீட்டுக்கார அம்மா. வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போகிறான். கிடப்பது ஒரு முன்னாள் போலீஸ்காரனின் பிணம். அந்த அம்மாவிடம், ஆமாம், பெரிய எலிதான் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இதை நியோ நுவார், அதாவது புது நுவார் என்று ஏன் சொல்கிறோம் என்பதற்கு நிழலைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1934 முதல் 1968 வரை ஹாலிவுட்டில் தயாரிப்பு விதித்தொகுப்பு அமலில் இருந்தது. குற்றவாளி தப்பிக்கக் கூடாது, சட்டத்தைக் கேலிப்பொருளாகக் காட்டக் கூடாது. ஆர்சன் வெல்ஸின் "டச் ஆஃப் ஈவில்" (1958) படத்தில் சாட்சியம் ஜோடிக்கும் போலீஸ் அதிகாரி வருவார், ஆனால் அவர் ஒரு தனி மனிதர், கடைசியில் அம்பலப்பட்டுச் சாகவும் வேண்டும். விதி போனபிறகு வந்தவை வேறு ரகம். கெட்டவன் செத்தாலும் அவனை வளர்த்த இடம் அப்படியே இருக்கும். ரயிலுக்கு உறுத்துகிற அந்த முடிவு விதித்தொகுப்புக் காலத்தில் வந்திருக்கவே முடியாது.

தெருவோரச்சித்தன்:

இவ்வளவும் பேசுகிறீர்கள், "விசாரணை" பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே? அதில் நமக்கு உறைக்கிற அளவுக்கு இதில் உறைக்கவில்லை.

மட்டுறுத்துநர்:

சித்தன், விசாரணைக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய் எழுதுங்கள், இதை இரண்டாக உடைக்க வேண்டாம்.

செந்தில்வேலன்:

நாவல் படித்தவன் என்ற முறையில் ஒன்றிரண்டு. ஜேம்ஸ் எல்ராயின் நாவல் 1990-ல் வந்தது. நான்கு நாவல் வரிசையில் மூன்றாவது. படமாக்கவே முடியாது என்று எல்ராயே நினைத்த நாவல். கதை 1958 வரை ஓடும், கிளைக்கதைகள் காடு மாதிரி. ஹான்சனும் பிரையன் ஹெல்கெலாண்டும் அதில் பெரும்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மூன்று போலீஸ்காரர்களை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். திரைக்கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது. (அதே வாரக் கடைசியில் "தி போஸ்ட்மேன்" படத்துக்காக ஹெல்கெலாண்டுக்கு மோசமான திரைக்கதைக்கான ராஸ்பெரி விருதும் கிடைத்தது. மனிதர் அதையும் வாங்கிக்கொண்டார்.)

இந்த விவாதத்துக்கு வேண்டிய விஷயம் இரண்டு. ஒன்று, நாவலில் எக்ஸ்லியின் அப்பா உயிரோடு இருக்கிறார், பெரிய கட்டுமான முதலாளி, அவர் கையும் சுத்தமில்லை. படத்தில் அவரை யாரோ ஒரு பிக்பாக்கெட் கொன்றுவிட்டுத் தப்பித்துவிட்டான், பெயர்கூடத் தெரியாது. அவனுக்குச் சிறுவன் எக்ஸ்லி தானே வைத்த பெயர் ரோலோ டொமாசி. தப்பித்துப் போகிற எல்லாருக்கும் அதுதான் பெயர். இந்தப் பெயரே நாவலில் கிடையாது, திரைக்கதைக்காரர்களின் சரக்கு. இரண்டு, நாவலில் டட்லி சாவதில்லை. அடுத்த நாவலான "ஒயிட் ஜாஸ்"ஸிலும் ஜம்மென்று வருகிறார். ரோலோ டொமாசி உண்மையிலேயே தப்பித்துவிடுகிற கதை எல்ராயுடையது. படம் அவனைச் சுட்டுவிட்டு, செத்தபிறகு தப்பிக்கவிடுகிறது. பெயர் கெடாமல் செத்தால் அதுவும் தப்பித்ததுதானே?

மாடிமைனா:

ஜாக்கை யாரும் கண்டுகொள்ளாததற்குக் கண்டனம்!

எனக்கு இது ஜாக்கின் படம். சிட் கொடுக்கிற ஐம்பது டாலர், பத்திரிகையில் போட்டோ, நட்சத்திரங்களோடு கைகுலுக்கல், அவ்வளவுதான் அவன் ஆசை. பெரிய திட்டம் எதுவும் போடாத சில்லறை ஊழல்காரன். இதற்குத் தோதாக நியூயார்க் போலீஸைப் பற்றி 1972-ல் வந்த நாப் கமிஷன் அறிக்கை ஒரு பாகுபாடு சொல்கிறது. தானாக வருவதை வாங்கிக்கொள்பவர்கள் புல் மேய்கிறவர்கள், தேடிப்போய்ப் பிடுங்குகிறவர்கள் இறைச்சி தின்கிறவர்கள். முதல் வகை இருப்பதால்தான் இரண்டாம் வகை நிம்மதியாக இருக்க முடிகிறது. எல்லார் கையிலும் கொஞ்சம் கறை இருந்தால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஜாக் புல், டட்லி இறைச்சி.

சிட்டோடு சேர்ந்து ஒரு இளம் நடிகனை வலையில் சிக்கவைத்துவிட்டு ஜாக் பாரில் வந்து உட்காருகிறான். எதிரே கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான். அந்த ஐம்பது டாலர் நோட்டை எடுத்து, குடிக்காத கோப்பையின் மேலேயே வைத்துவிட்டு எழுந்து போகிறான். வசனம் இல்லை. போய்ப் பார்த்தால் பையன் செத்துக்கிடக்கிறான். எதற்காகப் போலீஸில் சேர்ந்தாய் என்று எக்ஸ்லி கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்று சொன்னவன் இந்த ஜாக். கடைசியில் டட்லி வீட்டுச் சமையலறையில் குண்டடிபட்டு, சாகும்போது "ரோலோ டொமாசி" என்று மட்டும் சொல்கிறான். அந்தப் பெயரைக் கொண்டுபோய் எக்ஸ்லியிடமே விசாரித்து டட்லி மாட்டிக்கொள்கிறார். ஆக வழக்கை முடித்தது ஜாக். பதக்கம் வாங்கியது யார்?

வக்கீல்குமாஸ்தா:

எனக்குக் கடைசிச் சண்டையைவிட வேறொரு காட்சிதான் தூக்கத்தைக் கெடுத்தது. இனெஸை அடைத்துவைத்திருந்த வீட்டில் பட் வைட் உள்ளே போய், ஆயுதம் இல்லாத ஒருவனைச் சுடுகிறான். அப்புறம் இன்னொரு துப்பாக்கியை எடுத்து, அந்த ஆள் இருந்த பக்கத்திலிருந்து தான் நின்ற பக்கம் நோக்கி ஒரு குண்டைச் சுட்டுவிட்டு, செத்தவன் கையில் வைத்துவிடுகிறான். ஒரு பதற்றமும் இல்லை, தினமும் செய்கிற வேலை போல. எக்ஸ்லிக்குச் சந்தேகம் வருகிறது, துணியில்லாமல் கிடந்தவன் துப்பாக்கி வைத்திருந்தானாம் என்று. ஆனால் திரையரங்கில் யாருக்கும் பட் மேல் கோபம் வந்திருக்காது, அந்தப் பெண்ணைக் காப்பாற்றியவன் ஆயிற்றே.

படம் வெளியானது 1997 செப்டம்பர். அதே லாஸ் ஏஞ்சலஸில் ராம்பார்ட் பிரிவு விவகாரம் அடுத்த இரண்டு வருடத்தில் வெடித்தது. சாட்சியக் கிடங்கிலிருந்து கொக்கெய்ன் திருடியதாக 1998-ல் கைதான ரஃபேல் பெரெஸ் என்ற அதிகாரி, 1999-ல் வாயைத் திறந்தார். அவர் சொன்னதில் ஒன்று: 1996-ல் ஆயுதம் இல்லாத ஓர் இளைஞனை அவரும் கூட்டாளியும் சுட்டுவிட்டுப் பக்கத்தில் துப்பாக்கியை வைத்தார்கள். அந்த இளைஞன் முடமானான். போலீஸைத் தாக்கினான் என்று அவனுக்கே 23 வருடச் சிறைத்தண்டனை. பெரெஸ் உண்மையைச் சொன்னபிறகுதான் விடுதலை. 70-க்கும் மேற்பட்ட அதிகாரிகளின் பெயர் அடிபட்டது, 100-க்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின.

கெட்டவன் என்று உனக்கே நிச்சயமாகத் தெரிந்தால் ஜோடிப்பாயா என்ற டட்லியின் கேள்வி இங்கேதான் பல்லிளிக்கிறது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்வதும் அதே போலீஸ்காரன்தானே. வெள்ளைத்திரை, அந்த இரவில் வேறு வழியே இல்லை என்று டட்லியும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருப்பார்.

வெள்ளைத்திரை:

குமாஸ்தா, இது நல்ல குத்து. ஆனால் டட்லி அடிக்க வைத்தது, கொன்றது எல்லாம் போதைச் சரக்குக்கும் பணத்துக்கும். எக்ஸ்லி சுட்டதில் பணம் இல்லை. அந்த வித்தியாசமே இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யாழினி மு.:

லிஃப்டில் செத்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா?

வெள்ளைத்திரை:

அவனைப் பொறுத்தவரை இல்லை. அங்கே நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். மோட்டலில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செந்தில்வேலன்:

பட் வைட் அவ்வளவு குண்டு வாங்கிக்கொண்டு பிழைப்பதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? முகமெல்லாம் கட்டுப்போட்டுக் காரின் பின்சீட்டில், காதலி லின்னோடு (கிம் பேசிங்கர், அவருக்கும் ஆஸ்கர்) அரிசோனாவுக்குக் கிளம்புகிறான். படத்தில் எனக்கு ஒட்டாத ஒரே இடம் அது. ஸ்டுடியோவுக்காக வைத்த மாதிரி இருக்கிறது.

ராத்திரிரயில்:

எனக்கு ஒட்டியது. பட் பேசவில்லை, கவனித்தீர்களா? தாடையே கட்டுக்குள் இருக்கிறது. விக்டரி மோட்டலில் டட்லி கைகாட்டிய ஆட்களையெல்லாம் இத்தனை நாள் அடித்தவன் அவன். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் வாயைத் திறக்க முடியாமல் ஊரைவிட்டுப் போகிறான், இன்னொருவன் பதக்கத்தோடு வழியனுப்புகிறான். இதற்கு மேல் காவல்துறைக்கு என்ன வசதி வேண்டும்?

பாப்கார்ன்பாண்டி:

நான் கிளம்புகிறேன், மறுபடி படம் போடப்போகிறேன். லிஃப்ட் காட்சி, ஐம்பது டாலர், பட்டின் தாடை, மூன்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். யாழினி, இனெஸ் வருகிற இடங்கள் மொத்தம் எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்துப் பார்த்து வந்து சொல்கிறேன்.